டொக்டர் ஐயா பார்த்துவிட்டார்

வேலை பார்த்துக்கொண்டே குடும்ப வைத்தியத்தில் மேற்படிப்புப் படித்தபோது எனக்கு ஒரு நடிகையை நோயாளியாகத் தந்தார்கள். நிஜமான நடிகை, கொழும்பில் மேடை நாடகங்களில் நடிப்பவர். பரீட்சை மண்டபத்தில் திரைக்குப் பின்னால், தலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களைப் போல ஒரு துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோட்டத் தொழிலாளி, வயது ஐம்பது, தலைவலி என்று வந்திருக்கிறார், ஆனால் மனதில் இருக்கும் உண்மையான கவலை கணவரின் குடி. இதுதான் அவருக்குக் கொடுத்த வேஷம். எட்டு நிமிடத்துக்குள் அந்தக் கவலையை நான் அவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். வரவழைத்தேன். அவர் அழகாக அழுதார். மேசையில் இருந்த டிஷு பெட்டியை அவர் பக்கம் மெதுவாகத் தள்ளினேன். டிஷு பெட்டியைத் தள்ளுவதற்கு ஒரு புள்ளி உண்டு. அதுவும் எனக்குக் கிடைத்தது.

இன்றைக்கு அந்தப் புள்ளியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவேன்.

படிப்பைக் குறை சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்ததெல்லாம் நல்ல விஷயங்கள்தான். நோயைப் பார்க்காதே, ஆளைப் பார் என்றார்கள். நோயாளி வாயைத் திறந்ததும் குறுக்கே விழாதே, முதல் ஒரு நிமிடம் அவரைப் பேசவிடு என்றார்கள். அவர் என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், உன்னிடம் எதை எதிர்பார்க்கிறார், இந்த மூன்றையும் கேட்காமல் எழுந்து போக விடாதே என்றார்கள். சனி ஞாயிறுகளில் விரிவுரை. கிழமை நாளில் நாம் நோயாளியோடு பேசுவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நான் எங்கே தலையாட்டினேன், எங்கே கடிகாரத்தைப் பார்த்தேன் என்று கொழும்பிலிருந்து எழுதி அனுப்புவார்கள். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி என்று மூன்று தடவை எழுதியிருந்தார்கள்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். எங்கள் தோட்டத்திலிருந்து மருத்துவபீடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். கோயில் முன்னால் என் படம் போட்டு பேனர் கட்டினார்கள். அதில் எனக்கு மூக்குத்தி போட்டிருந்தார்கள், நான் மூக்குக் குத்தியதே இல்லை. பிறகு படிப்பு, உள்ளகப் பயிற்சி, வேலை என்று பத்துப் பன்னிரண்டு வருடம் மலையை விட்டு வெளியே. அந்த வருடங்களில் நான் நோயாளியிடம் பேசியது சிங்களம், எழுதியது ஆங்கிலம். மலைக்கே மாற்றலாகி வந்தபோது எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "நம்ம சனங்க பாஷை தெரிஞ்ச டொக்டர் வந்துட்டாங்க." மேலதிகாரிகளும் சொன்னார்கள், சனங்களும் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என் கண்ணைக் குத்தியது.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வரும் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி அது. செவ்வாய்க்கிழமை பிரஷர் கிளினிக். விடிந்து பஸ் ஓடத் தொடங்கியதுமே வாசலில் ஆட்கள். மாதம் ஒரு முறை வருவார்கள், பிரஷர் அளப்போம், மாத்திரை கொடுப்போம், கிளினிக் கொப்பியில் தேதி போட்டு அனுப்புவோம். கொப்பியை எல்லாரும் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக்கூட அப்படி வைத்திருக்க மாட்டார்கள். கடதாசியில் இரண்டு டொக்டர், நிஜத்தில் ஒருவர். இந்தக் கூட்டத்தில்தான் குடும்ப டொக்டர் திட்டமும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இலக்கம், ஒரு அட்டை, சுவரில் ஒரு படம். படத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ஒரு தாத்தாவின் தோளில் கை வைத்துச் சிரிக்கிறார். அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு நான் ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கூடக் கொடுக்க முடியாமல் அடித்துக்கொள்வேன். முதல் ஒரு நிமிடம் பேசவிட வேண்டுமாம். பேசவிட்டால் மற்றவர்களுக்கு ஊர் திரும்பும் மதிய பஸ் போய்விடும்.

முப்பத்தைந்து வயது தாண்டினவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. உயரம், நிறை, சீனி, பிரஷர், பிறகு ஒரு கட்டம்: வாய் பரிசோதிக்கப்பட்டதா? ஆம், இல்லை. வெற்றிலை புகையிலை போடுகிற மலையில் இந்தக் கட்டத்துக்கு இருக்கும் மதிப்பை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் சித்தப்பா ஒருவர் கன்னத்தில் ஓட்டை விழுந்து செத்தவர். ஆனால் டோர்ச் லைட்டில் பற்றரி இல்லை. நாக்கை அழுத்திப் பார்க்கிற மரக்குச்சி முடிந்து இரண்டு மாதம். நர்ஸிடம் கேட்டால், "ஓர்டர் போட்டிருக்கு மிஸ்" என்பார். இதையெல்லாம் சாக்காகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியும். என் கைத்தொலைபேசியில் வெளிச்சம் இருந்தது. குச்சி இல்லாவிட்டால் விரல் இருந்தது.

அப்படி மாதா மாதம் வருகிறவர்களில் ஒரு அக்கா, ஐம்பது வயதுக்காரர். ஒல்லி, உரத்த குரல், வரிசையில் யார் முந்தினாலும் சண்டைக்குப் போகிறவர். ஒரு செவ்வாய்க்கிழமை பிரஷர் அளந்து மாத்திரை எழுதும்போது, எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார்.

"டொக்டரம்மா, நாக்கு ஓரத்துல ஒரு புண்ணுங்க. காரம் பட்டா எரியுது."

"எத்தன நாளா அக்கா?"

"ஒரு மாசம் இருக்குங்க. டொக்டர் ஐயா பாத்துட்டாருங்க. ஊதா மருந்து குடுத்திருக்காரு, பூசுறேன்."

அவர் உதட்டோரத்தில் ஊதா நிறம் தெரிந்தது. அதற்கு மேல் வெற்றிலைச் சிவப்பு. நான் மறக்காமல் மூன்று கேள்விகளையும் கேட்டேன். என்ன நினைக்கிறீங்க? "சூடுங்க." பயமா இருக்கா? "இல்லீங்க." என்கிட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க? அவர் சிரித்துவிட்டார். "பிரஷர் மாத்திரதாங்க." நானும் சிரித்து, தலையாட்டி, "வெத்தல பொயல கொறைங்க அக்கா" என்று ஒரு அறிவுரையும் தந்து, கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதினேன்: வாய்ப்புண், டொக்டர் பார்த்திருக்கிறார், மருந்து எடுக்கிறார். படிவத்தில் வாய்க்கு நேரே இருந்த கட்டத்தில் ஆம் என்று போட்டேன். ஒரு டொக்டர் பார்த்ததை இன்னொரு டொக்டர் ஏன் திரும்பப் பார்க்க வேண்டும்? வெளியே அறுபது பேர் இருந்தார்கள்.

அடுத்த மாதம் வந்தார். நான் என் எழுத்தைப் படித்தேன். டொக்டர் பார்த்திருக்கிறார். "புண் எப்பிடி அக்கா?" என்று கேட்டேன். "இருக்குங்க, ஐயா வேற மருந்து குடுத்தாரு" என்றார். மருந்து தொடர்கிறது என்று எழுதினேன். அதற்கு அடுத்த மாதம் நான் கொழும்பில் இருந்தேன். நோயாளிக்குச் செவிமடுப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சிச் செயலமர்வு. எனக்குப் பதிலாக வந்தவர் என் எழுத்தைப் பார்த்துவிட்டு அதையே கீழே எழுதியிருந்தார். நான்காம் மாதம் அவர் வரவில்லை, மகள் வந்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்தாம் மாதம் வந்தபோது அவருக்கு முன்னால் அவருடைய வாடைதான் அறைக்குள் வந்தது. வாயைக் கைலேஞ்சியால் பொத்தியிருந்தார். பேசவில்லை. வரிசையில் யாரோ முந்தியபோதும் பேசவில்லை என்று பிறகு நர்ஸ் சொன்னார். சட்டை தோளிலிருந்து வழிந்தது. ரொட்டி சாப்பிட முடியவில்லை, கஞ்சிதான் என்று மகள் சொன்னார். அன்றைக்கு நான் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் போட்டு, விரலால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தேன். நாக்கின் இடது ஓரம் முழுக்க, விளிம்பு தடித்து, கல்லைப் போல. கழுத்தில் கட்டி. பார்த்து முடிக்க அரை நிமிடம் கூட ஆகவில்லை. ஐந்து மாதமாக நான் மிச்சம் பிடித்தது அந்த அரை நிமிடத்தைத்தான்.

"புத்து நோயிங்களா டொக்டரம்மா?" என்று மகள் கேட்டார்.

"கண்டிக்குப் போய் சதையில ஒரு துண்டு எடுத்துப் பாத்தாதான் தெரியும்" என்றேன். எனக்குத் தெரிந்திருந்தது. நர்ஸுக்கும் தெரிந்திருந்தது. கைலேஞ்சிக்குப் பின்னால் இருந்தவருக்கும் தெரிந்திருக்கும். அவர் மெதுவாகக் கேட்டார், "வெள்ளிக்கெழம போகட்டுங்களா? மூணு நாளா வேலைக்குப் போகல." இன்றைக்கே என்று சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றினேன்.

அவர் போனபிறகு ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் கொப்பியின் நகலைப் புரட்டினேன். டொக்டர் பார்த்திருக்கிறார். எந்த டொக்டர்? அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் துண்டுச் சீட்டு இருக்கும், கிளினிக் என்றால் கொப்பியில் முத்திரை இருக்கும். எதுவும் இல்லை. பேனையை வைத்துவிட்டு அவர் சொன்னதை அவர் குரலிலேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். டொக்டர் ஐயா பாத்துட்டாருங்க.

ஐயா.

எங்கள் லயங்களில் டொக்டர் ஐயா என்றால் ஒரே ஒரு ஆள்தான். தோட்டத்து மருந்தகத்தில் இருப்பவர். அவர் டொக்டர் இல்லை. தோட்டம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வைத்திய உதவியாளர். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக் காயத்துக்குக் கட்டு, வேலைக்குப் போக முடியாதவருக்கு லீவுத் துண்டு, அதுதான் அவர் வேலை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இருப்பவரை எங்கள் ஆட்கள் பெரிய டொக்டர் என்பார்கள். என் அம்மா சாகும்வரை அப்படித்தான் சொன்னார். எனக்குக் காய்ச்சல் வந்தால், "டொக்டர் ஐயாகிட்ட காட்டிட்டு வந்தேன்" என்பார். இந்த வித்தியாசம் கொழும்பிலிருந்து வந்த டொக்டருக்குத் தெரியாது, காலியிலிருந்து வந்தவருக்குத் தெரியாது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதற்காகத்தானே என்னைக் கொண்டாடினார்கள். காதில் விழுந்த ஐயா என் கையில் ஆங்கிலமாக மாறும்போது உதிர்ந்துபோனது. படித்துப் படித்து நான் என் தாய்மொழிக்கே பரதேசியாகிவிட்டேன்.

அந்த வாரம் சனிக்கிழமை விரிவுரைக்குப் போகாமல் நான் அக்காவின் தோட்டத்து மருந்தகத்துக்குப் போனேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அந்த மனிதரைக் குற்றவாளியாக்கத்தான் போனேன். பழியைப் போட எனக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. தகரக் கூரை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சிமெந்துப் படி. சனங்கள் படியில் நின்று நோயைச் சொல்வார்கள், உள்ளிருந்து மருந்து வரும். என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், என் அப்பா வயது இருக்கும். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டே இருந்தார்.

"அவங்க வாயைத் தொறந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன். எடுத்த எடுப்பில், வணக்கம் கூடச் சொல்லாமல்.

"இல்லீங்க மெடம்."

"ஏன் பாக்கல?"

அவர் ஜன்னலைக் காட்டினார். "மொதத் தடவ ஜன்னல்ல வந்து சொன்னாங்க, ஊதா மருந்து குடுத்தேன். ஆறலேன்னு ரெண்டாவது தடவ வந்தப்ப, உள்ள வாங்க பாக்கலாம்னுதான் சொன்னேன். 'வேணாங்க ஐயா, நான் மாசா மாசம் பெரிய ஆஸ்பத்திரி கிளினிக் போறேன், அங்க டொக்டரம்மா பாக்கிறாங்க'ன்னாங்க. படிச்ச நீங்க பாக்கிற எடத்துல நான் என்னத்த மெடம் பாக்கிறது?"

அவர் எகத்தாளமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்த அக்கா எங்கள் இரண்டு பேரிடமும் பொய் சொல்லவில்லை. எங்கள் பேச்சில் டொக்டர் பார்த்தார் என்றால் டொக்டரிடம் போனேன் என்று அர்த்தம். டொக்டர் ஐயாவும் பார்த்தார், நானும் பார்த்தேன். அக்காவைத்தான் பார்த்தோம். அவர் வாயை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஆள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன், அதுவும் ஒரு கேடுகெட்ட செயல்.

கண்டியில் நாக்கின் பாதியை வெட்டி எடுத்தார்கள். கழுத்தைத் திறந்து கட்டிகளை எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு வைத்தார்கள். புண் வந்து ஒரு மாதத்திலேயே வந்திருந்தால் சின்னதாக ஒரு வெட்டோடு போயிருக்குமா என்று அங்கிருந்த சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனில் கேட்டேன். "போயிருக்கும்" என்றார். "இப்ப?" என்றேன். "பார்ப்போம்" என்றார். டொக்டர்மார் பார்ப்போம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் படிப்பில் ஒரு குறிப்பேடு உண்டு. ஒவ்வொரு தவணையும் மனதைத் தொட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுத வேண்டும். என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், என்ன கற்றேன். நான் இதை எழுதினேன். மூன்று இரவு உட்கார்ந்து, திருத்தித் திருத்தி எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் அழும்போதும் வாக்கியம் நன்றாக விழுகிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு வசதி உண்டு. ஆள் இல்லாமலே வாக்கியம் எழுதலாம். முன்னரே பரிசோதிக்கப்பட்டதாகக் கருதப்பட்டது. வாய் பரிசோதிக்கப்படவில்லை. தாமதம் ஏற்பட்டது. யார் கருதினார், யார் பரிசோதிக்கவில்லை என்று கேட்பதற்கு அந்த வாக்கியங்களில் இடமே இல்லை. தமிழில் அப்படி எழுதினால் திருடன் எழுதியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆங்கிலச் சோற்றில் மறைக்கலாம், நான் மறைத்தேன்.

எனக்கு ஆகக் கூடிய புள்ளி வந்தது. ஓரத்தில் எங்கள் பேராசிரியை தன் கையால் எழுதியிருந்தார்: நேர்மையான, ஆழமான சுயவிமர்சனம், மொழியும் கலாசாரமும் சிகிச்சைக்கு எப்படித் தடையாகின்றன என்பதற்கு அருமையான உதாரணம். அவர் நல்லவர். ஏழைகளுக்காக உண்மையிலேயே கவலைப்படுகிறவர். பிறகு எனக்குப் போன் எடுத்தார். அடுத்த செயலமர்வு நுவரெலியாவில் வைக்கப்போகிறார்களாம். எப்போதும் நடிகையைத்தானே உட்கார வைக்கிறோம், இந்த முறை அந்த அம்மாவையே அழைத்து வர முடியுமா என்று கேட்டார். வான் அனுப்புவதாகச் சொன்னார்.

அக்காவைக் கேட்பதற்காக நான் அவருடைய லயத்துக்குப் போனேன். அதற்காக மட்டும் அல்ல. உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டு போனேன். அக்கா, அன்னிக்கே நான் வாயைத் தொறந்து பாத்திருக்கணும், பாக்காம பாத்ததா எழுதிட்டேன், மன்னிச்சிருங்க. இவ்வளவுதான். நாலு வரி. எனக்குப் பாஷை தெரியும்.

கதவைத் திறந்தவர் அவருடைய கணவர். உள்ளே கூப்பிட்டு, கட்டிலில் இருந்த துணிகளை ஒதுக்கி இடம் தந்தார். "டொக்டரம்மா வந்திருக்காங்க" என்று அடுத்த வீட்டுக் காம்பராவுக்கும் கேட்கும்படி சொன்னார். அக்கா சமையல் பக்கத்திலிருந்து வந்தார். கழுத்தில் தழும்பு காதிலிருந்து தொண்டைக்குழி வரை. பேச்சு குழறியது. ரவும் லவும் டவும் வராது. எச்சில் வழியும், முந்தானையால் துடைத்துக்கொண்டே பேசுவார். இரண்டு மூன்று தரம் சொன்னால்தான் விளங்கும். வரிசையில் சண்டை போட்ட அந்தக் குரலைக் காணவில்லை.

"டொக்டர்மாருக்குப் படிப்பிக்கிற கூட்டம் அக்கா. நீங்க வந்து உங்களுக்கு நடந்தத சொன்னா அவங்களுக்கு நல்லது" என்றேன்.

"நீங்க கூப்பிட்டு வராம இருப்பனுங்களா?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் எதையோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துக் கணவர் எடுத்துச் சொன்னார்: "நீங்க அன்னிக்கு வாயைத் தொறந்து பாக்கலேன்னா செத்திருப்பேங்குது. உசுரக் காப்பாத்துனது நீங்கதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதுங்க."

எனக்கு விளங்கத்தான் செய்தது. அந்த நாலு வரியையும் நான் சொல்லவில்லை. அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன், இஞ்சி போட்டிருந்தது. வான் வருகிற நேரத்தைச் சொன்னேன். எழுந்து வந்துவிட்டேன். என்னை நானே அருவருத்த நாட்களில் அதைவிட மோசமான ஒரு நாள் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபம். தரையெல்லாம் கம்பளம், நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்திப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அக்கா தீபாவளிச் சேலை கட்டியிருந்தார், அதன்மேல் மகளின் ஸ்வெட்டர். காலையிலிருந்து கம்பளத்தில் செருப்போடு நடக்கலாமா என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். வறுத்த கோழி, பிரியாணி, சாலட். வாய்ப் புற்றுநோய்க்காரரைக் கூப்பிட்டிருக்கிறோமே, அவர் எதைச் சாப்பிடுவார் என்று அந்தக் குடும்ப வைத்தியர் கூட்டத்தில் ஒரு ஆளும் யோசித்திருக்கவில்லை. நானும்தான். கடைசியில் ஒரு வெயிட்டர் பையன் எங்கிருந்தோ பருப்பும் சோறும் குழைத்துக்கொண்டு வந்து தந்தான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரை மேடையில் உட்கார வைத்தார்கள். திரையில் பெரிய எழுத்தில் தலைப்பு: மொழியும் கலாசாரமும். முன்னால் முப்பது டொக்டர்மார். பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த இரண்டொருவருக்கும் அவருடைய பேச்சு விளங்கவில்லை. நான்தான் மொழிபெயர்த்தேன். பேராசிரியை தொடங்கும் முன் எனக்கு ஒரு விதியை ஞாபகப்படுத்தினார்: "அவர் சொல்கிறார் என்று சொல்லக் கூடாது. அவராகவே பேசுங்கள். நான் என்றே சொல்லுங்கள். அப்போதுதான் நோயாளியின் குரல் நேரே கேட்கும்." மொழிபெயர்ப்பவர்களுக்கு உலகம் முழுக்க அதுதான் விதி. நான் தலையாட்டினேன்.

எப்போது ஆரம்பித்தது, என்ன வேலை செய்தீர்கள், வெற்றிலை போடுவீர்களா என்று கேட்டார்கள். நான் தமிழில் கேட்டேன், அவர் சொன்னார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நான் கொழுந்து பறிக்கிறேன். நான் பதினாறு வயதிலிருந்து வெற்றிலை போடுகிறேன். என் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. மண்டபம் அமைதியாகக் கேட்டது. என் குரலும் தெளிவாக இருந்தது, தலையாட்டவும் செய்தேன்.

பிறகு பேராசிரியை முன்னால் சாய்ந்து, மிகவும் கனிவாகக் கேட்டார். இவ்வளவு தாமதமானதற்கு என்ன காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அம்மா? ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். அதுதான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம். அக்கா என்னைப் பார்த்தார். என்னை மாட்டிவிடக் கூடாதே என்று பார்க்கிறாரோ, அல்லது உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறாரோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"என் மேலதாங்க தப்பு. எனக்கு வெவரமாச் சொல்லத் தெரியல."

முப்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். தவறு என்னுடையதுதான், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில், நான் என்றே, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். எல்லாரும் அதை அந்த அக்காவின் பெயரில் எழுதிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. பேராசிரியை அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, என்னிடம் அடுத்த கேள்வியைத் தந்தார்.